ஆள் தேடித் தருகிறவரை எப்படித் தேடுவது?



"போன இதழில் வெந்தயக் களி கிண்டச் சொல்லிக் கொடுத்தவள், இந்த இதழில் கம்பெனிக்கு ஆள் எடுப்பதைப் பற்றி எழுத வந்துவிட்டாளே!" என்று சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் இரண்டு என்னைத் தூங்கவிடவில்லை.

சாத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "வீட்டிலேயே சீவல், சேவு போட்டு விற்கிறேன். சரக்கை எல்லோரும் மெச்சுகிறார்கள். கடை கடையாகக் கொண்டுபோக ஆள்தான் இல்லை. ஆள் பிடித்துத் தரும் கம்பெனிகளை நம்பிப் பணம் கட்டலாமா?" தென்காசியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: "என் மகனுக்கு விற்பனைப் பிரதிநிதி வேலை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்சி பத்தாயிரம் ரூபாய் கேட்கிறது. கழுத்தில் கிடப்பதை வைத்துக் கட்டலாமா?"

ஒருவர் ஆள் தேடுகிறார், ஒருவர் வேலை தேடுகிறார். ஆனால் இரண்டு கடிதத்துக்கும் பதில் ஒன்றுதான். அந்தப் பதில் மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டுப் படியில் வைத்து எனக்குக் கிடைத்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் பொடிக் கம்பெனி

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மாமியாரின் கைப்பக்குவத்தில் மீன் குழம்புப் பொடி அரைத்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். பிரையண்ட் நகர், சிதம்பர நகர் என்று பேச்சு பரவி, இன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, வறுக்க ஒரு இயந்திரம், அரைக்க ஒரு இயந்திரம், பாக்கெட் போட ஆறு பெண்கள் என்று வளர்ந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் முறைப்படி உண்டு. இருந்தாலும் 'கம்பெனி' என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம்தான்!

அரைப்பது நான், விற்பது என் கணவர். ஒரு நாள் எட்டயபுரம், கோவில்பட்டி லைன். மறுநாள் ஆறுமுகநேரி, திருச்செந்தூர், உடன்குடி லைன். ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் போவார். ஒவ்வொரு அண்ணாச்சி கடையிலும் நின்று ஆர்டர் எடுத்து, பழைய பாக்கியை வசூல் பண்ணி, இருட்டின பிறகு வீடு திரும்புவார்.

ஒரு பங்குனி மாதம் எட்டயபுரம் ரோட்டில் அவருக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிமேல் இந்த வெயில் சவாரி கூடாது."

வீட்டுக்கு வந்து படுத்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "திருச்செந்தூர் லைனுக்கு இந்த வாரம் யார் போவா?" என்பதுதான். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆறு பெண்களின் சம்பளம் அந்த லைனில்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாமலில்லை.

முதல் ஏஜென்சி

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு ஏஜென்சிக்குப் போனோம். பெயர், ஊர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதன அறை, பளபளவென்று ஒரு கோப்பு. உட்கார்ந்த உடனே காபி வந்தது. "ஒரே வாரம், மூணு பசங்க. ரெண்டு பேருக்குக் கட்டணம் கட்டுங்க போதும், மூணாவது ஆள் இலவசம்" என்றார் அந்த மனிதர். தலைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, மொத்தம் பதினைந்தாயிரம் முன்பணமாகக் கட்டினோம்.

தூத்துக்குடிக்காரிக்கு 'இலவசம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் குடை ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? 1906இல் நம் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். எதிர்த்து நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. பிறகு சும்மாவே ஏறிக்கொள்ளுங்கள் என்றது. அதோடு ஏறுகிறவர்களுக்குக் குடையும் இனாம் என்றது. மழைக்கு நனைவார்களே என்ற இரக்கமா? சுதேசிக் கப்பலை ஒழித்துக்கட்டத்தான்! பள்ளிக்கூடத்தில் படித்த கதை, பணம் எண்ணிக் கொடுக்கும்போது எனக்கு மறந்துபோயிற்று.

பின்னால் யோசித்தால் இன்னொன்றும் உறைக்கிறது. அவர் எங்களிடம் எங்கள் சரக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ன பொடி, யார் வாங்குகிறார்கள், எத்தனை கடை, கடன் உண்டா, வண்டி யாருடையது என்று ஒன்றுமே கேட்கவில்லை. மாவு புளித்ததா என்று பார்க்காமல் இட்லி ஊற்றினால் எப்படி இருக்கும்?

சொன்ன மாதிரியே ஒரு வாரத்தில் மூன்று பையன்கள் வந்தார்கள். ஒருவன் நான்காம் நாளே, "ஏ.சி. ஆபீஸ் வேலைன்னு சொன்னாங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். இரண்டாமவன் இருபதாம் நாள் வரவில்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருந்தான். மூன்றாமவன் மட்டும் நின்றான். ஆனால் விற்கவில்லை. 'இரண்டு வருட அனுபவம்' என்று அவன் தாளில் டைப் அடித்திருந்தது. பார்த்தால் அவனுக்கு ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது!

பின்கட்டுப் படியில்

விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துப் பையன். இருபத்தொரு வயது இருக்கும். மத்தியானம் எல்லோரும் சாப்பிடும்போது பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்வான். "சாப்பிடலியா தம்பி?" என்றால் "பசிக்கல அக்கா" என்பான். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் தட்டில் சோறும் சாளைக் குழம்பும் போட்டுக் கையில் கொடுத்துவிட்டேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்கள். "ஏம்ல, வீட்டுக்குப் பணம் அனுப்பணுமா?"

"அம்மா கம்மல வச்சு எட்டாயிரம் கட்டுச்சு ஆச்சி, இந்த வேலைக்கு. சம்பளம் வந்தாத்தான் வட்டி கட்டணும். அதான் வெளிய சாப்பிடல."

எனக்குச் சுருக்கென்றது. "யாருக்குக் கட்டினீங்க?"

"ஏஜென்சிக்குத்தான் அக்கா. மூணு பேருமே கட்டினோம்."

அன்று ராத்திரி நானும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாங்கள் கொடுத்தது 15,000. மூன்று பையன்களும் கொடுத்தது 24,000. ஆக 39,000 ரூபாய் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போயிருக்கிறது. பையன்கள் எங்களிடம் நிலைத்து வேலை பார்த்தால் அந்த ஏஜென்சிக்கு அந்த 39,000த்தோடு சரி. அவர்கள் ஓடிப்போனால்? நாங்கள் மறுபடி ஆள் கேட்டுப் போவோம். புதுப் பையன்கள் மூன்று பேர் மறுபடி பணம் கட்டுவார்கள்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். ஆள் நிலைத்தால் அந்த ஏஜென்சிக்கு நஷ்டம். ஆள் ஓடினால் லாபம்! பிறகு எப்படி அவர்கள் பொருத்தமான ஆளாகப் பார்த்து அனுப்புவார்கள்?

"மாற்று ஆள் தருவதாகச் சொன்னாரே?" என்று அவர் ஒப்பந்தத் தாளை எடுத்தார். பொடி எழுத்தில் இருந்தது: முப்பது நாளுக்குள் விலகினால், 'கிடைக்கும்போது' வேறு ஆள் தரப்படும். எப்போது கிடைக்கும் என்று இல்லை. பணம் திரும்ப வருமா என்பதும் இல்லை.

மாமியார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "கல்யாணத் தரகன் மாதிரிதாம்மா. ரெண்டு வீட்டுலயும் கமிஷன் வாங்குற தரகன் ஜாதகத்தைத் திருத்திருவான். நல்ல தரகன், 'இந்த எடம் உங்களுக்குச் சரிப்படாது தாயீ'ன்னு மொகத்துக்கு நேரா சொல்லுவான்."

ஏழாம் வகுப்புப் படித்த என் மாமியார் சொன்னதைவிடப் பெரிய பாடம் இந்த விஷயத்தில் கிடையாது.

நாங்கள் கேட்ட ஐந்து கேள்விகள்

அடுத்த தடவை அவசரப்படவில்லை. லைனுக்கு வாரம் ஒரு நாள் என் கொழுந்தனார் போய்ச் சமாளித்தார். அதற்குள் திருநெல்வேலி, மதுரை, நம் ஊர் என்று நான்கு கம்பெனிகளை நேரில் போய்ப் பார்த்தோம். கேள்விகளை நான்தான் சமையல் குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன்.

ஒன்று: வேலை தேடி வருகிறவரிடம் பணம் வாங்குகிறீர்களா? இதுதான் முதல் கேள்வி. 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்', 'சீருடைக் கட்டணம்' என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் கேட்பவர்தான் கட்டணம் கொடுக்க வேண்டும். உலக அளவிலும் இதுதான் நியாயம் என்று ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் கொண்டுவந்த 181ஆம் எண் உடன்படிக்கை, தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றி வளைத்தோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாகச் சொல்கிறது. நம் நாடு இன்னும் அதில் சேரவில்லை. அதனால் என்ன? நம் வீட்டுக்கு நாமே அந்த விதியைப் போட்டுக்கொள்ளலாமே! (வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற சங்கதி வேறு. 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி அந்த ஏஜென்டுகள் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்கக் கூடாது.)

இரண்டு: உங்கள் கட்டணம் எவ்வளவு, எப்போது? ஆள் வேலையில் சேர்ந்த பிறகு கட்டணம் வாங்குவதுதான் நல்ல கம்பெனிகளின் வழக்கம். வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்பார்கள். மலைக்காதீர்கள், பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் கட்டணம் 15,000. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 2,700. ஆக 17,700 ரூபாய். பெரிய பதவிகளுக்குச் சதவீதம் கூடும். ஆள் விலகினால் எத்தனை நாள்வரை பொறுப்பு, எத்தனை நாளுக்குள் மாற்று ஆள், மாற்று ஆள் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். விற்பனை வேலையில் ஒரு ஆள் சரிப்படுவானா என்று தெரிய மூன்று மாதமாவது ஆகும். முப்பது நாள் பொறுப்பெல்லாம் கண்துடைப்பு.

இன்னொரு முறையும் உண்டு. ஆளைத் தங்கள் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, மாதாமாதம் நம்மிடம் பணம் வாங்கி, அவர்களே சம்பளம் போடுவார்கள். அப்படியானால் அந்தப் பையனுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீதை மாதம் தவறாமல் கேட்டு வாங்குங்கள். அவன் நம் பெயரைச் சொல்லித்தான் கடை ஏறுகிறான்.

மூன்று: எந்த மாதிரி விற்பனைக்கு ஆள் கொடுத்துப் பழக்கம்? விற்பனை என்றால் எல்லாம் ஒன்றல்ல. டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி வேறு, ஜவுளிக்கடையில் சேலை விரிக்கும் பெண் வேறு, போனில் பேசி விற்பவர் வேறு, கடை கடையாக லைன் போகிறவர் வேறு. அரிசிக்கும் உளுந்துக்கும் ஊறும் நேரம் ஒன்றா? எங்களுக்கு வேண்டியது லைன் ஆள். காலையில் கூட்ட நேரத்தில் அண்ணாச்சி கடையில் போய் நின்றால் ஆர்டர் கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும். பதினோரு மணிக்கு மேல்தான் அவர் காது கொடுப்பார் என்று தெரிந்த ஆளாக இருக்க வேண்டும்.

நான்கு: அவர்கள் நம்மிடம் என்ன கேட்கிறார்கள்? இது நாம் கேட்கிற கேள்வி இல்லை, கவனிக்க வேண்டிய சங்கதி. நான்கு கம்பெனிகளில் இரண்டு எங்களிடம் எதுவுமே கேட்கவில்லை. ஒன்று சம்பளம் மட்டும் கேட்டது. நான்காவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஐந்து: முன்பு ஆள் எடுத்த இரண்டு பேரின் தொலைபேசி எண் தருவீர்களா? கொடுத்தால், அவர்களைக் கூப்பிட்டு, "நல்ல கம்பெனியா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். "இவர்கள் அனுப்பின ஆட்களில் ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு வரும் பதில்தான் உண்மையான பதில்.

நம்மைக் கேள்வி கேட்ட அம்மா

நான்காவது கம்பெனி என்றேனே, அது இரண்டே அறை. நடத்துகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. கண்ணாடிக் கதவு இல்லை. காபியும் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது.

அவர் எங்களை ஒரு மணி நேரம் துருவினார். எத்தனை கடை? மாதம் எவ்வளவு விற்கிறது? வசூல் பாக்கி எவ்வளவு? பெட்ரோலுக்குத் தனியாகத் தருவீர்களா, சம்பளத்துக்குள்ளேயா? வெளியூர் போகும் நாளில் சாப்பாட்டுப் பேட்டா உண்டா? விற்காமல் திரும்பும் பாக்கெட்டுக்கு யார் பொறுப்பு? வசூல் பணம் தொலைந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு முன் வந்தவர்கள் ஏன் போனார்கள்?

கடைசிக் கேள்விக்கு என் கணவர், "பசங்க சரியில்லம்மா" என்றார். அந்த அம்மா விடவில்லை. "மூணு பேருமா சரியில்ல? உங்க பக்கத்துல ஒண்ணுமே இல்லியா?" என்றார்.

எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் உண்மை. பையன்களுக்கு லைனைச் சுற்றிக் காட்டாமலே பையைக் கொடுத்து அனுப்பியிருந்தோம். எந்த அண்ணாச்சிக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது என் கணவரின் மண்டைக்குள் இருந்ததே தவிர, ஒரு நோட்டிலும் இல்லை.

கடைசியில் அவர் சொன்னார்: "ரெண்டு பேர் வேண்டாம். உங்க விற்பனைக்கு ரெண்டு சம்பளம் தாங்காது. ஆறு மாசத்துல நீங்களே ஒருத்தனை நிறுத்திருவீங்க. ஒரு ஆள் எடுங்க, கொஞ்சம் கூடக் கொடுங்க. முதல்ல லைன் நோட்டு எழுதிட்டு வாங்க, அப்புறம் ஆள் தாரேன்."

தன் கட்டணத்தில் பாதியைத் தானே வேண்டாம் என்றவரை அன்றுதான் பார்த்தேன். மாமியார் சொன்ன நல்ல தரகர் இவர்தான் என்று எனக்குப் பட்டது. ஒரு மாதச் சம்பளம் கட்டணம். பாதி சேர்ந்ததும், மீதி தொண்ணூறு நாள் முடிந்ததும். அனுப்புமுன் பையன் ஒரு நாள் எங்கள் லைனில் கூடவே போய்ப் பார்க்க வேண்டும், அந்த ஒரு நாள் கூலியை நாங்கள் கொடுக்க வேண்டும் என்றார். பிடிக்கிறதா என்று இரண்டு பக்கமும் சொல்லலாம். பெண் பார்ப்பது போலத்தான்! வந்த முதல் பையன், "எனக்கு இவ்வளவு வெயில் ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது பையன் ஆறுமுகநேரிப் பக்கம். ஒரு வருடத்துக்கு மேலாக எங்களோடு இருக்கிறான். அவனும் மந்திரக்காரன் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் இன்னும் திணறுகிறான். ஆனால் திருச்செந்தூர் லைனில் அவன் போகாவிட்டால், "தம்பி ஏன் வரல?" என்று கடைக்காரர்களே போன் பண்ணுகிறார்கள்.

சகோதரிகளே, இதில் நமக்கு ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. மறந்துவிடாதீர்கள். சின்ன வயதில், டை கட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டித் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் காட்டிய பையன்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி அப்படித்தான் வீடு வீடாக வந்து விற்றது. சேலைக்காரர், பாத்திரக்காரர், புத்தகம் விற்கும் பெண் என்று எத்தனை பேருக்கு நாம் கதவைத் திறந்திருக்கிறோம்! யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், யார் நம் பேச்சை முடிக்கவிடாமல் பேசுகிறார் என்று நமக்குத் தெரியாததா? ஆள் எடுக்கும்போது கணவர் மட்டும் உட்காராமல் நாமும் உட்கார வேண்டும். இந்தப் பையனுக்கு நான் கதவைத் திறப்பேனா என்று மனசைக் கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமலும் தேடலாம்

ஏஜென்சிக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள். மாவட்டம்தோறும் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. நம்மைப் போன்ற சின்ன நிறுவனமும் ஆள் கேட்கலாம். தமிழக அரசு 2020இல் தொடங்கிய தனியார் துறை வேலை இணையதளம் இருக்கிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் இருக்கிறது. இவற்றில் இரண்டு பக்கமும் கட்டணமில்லை. ஆனால் வருகிறவர்களைச் சலித்து எடுக்கும் வேலை நம் தலையில் விழும். அதற்கு நேரமில்லை, நம் சரக்கு விற்கிற சந்தையைத் தெரிந்தவர் வேண்டும் என்கிறபோதுதான் கம்பெனிக்குக் கட்டணம் கொடுப்பதில் அர்த்தம்.

ஆள் வந்த பிறகு

நல்ல கம்பெனி நல்ல ஆளை அனுப்பினாலும், நாம் சரியில்லை என்றால் அவன் எப்படி நிற்பான்? முதலில் நியமனக் கடிதம். விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்றே 1976இல் வந்த சட்டம், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்தக் கடிதம் எல்லாத் தொழிலாளிகளுக்குமானதாகிவிட்டது. சம்பளம், பேட்டா, பெட்ரோல், விடுமுறை எல்லாம் அதில் தெளிவாக இருக்கட்டும். நாங்கள் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

கடையில் நிற்க வைக்கப் பெண் எடுக்கிறீர்களா? உட்கார ஒரு நாற்காலி போடுங்கள். கேரளத்தில் 2018லும் நம் தமிழ்நாட்டில் 2021லும் இதற்கென்றே சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. நாள் முழுக்க நின்றால் கால் நரம்பு சுருண்டு வீங்கிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியும்தானே. ஒதுங்க இடம் உண்டா என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லைன் போகும் பையனுக்குத் தலைக்கவசத்துக்கு அடியில் கட்ட ஒரு பருத்தித் துண்டும், இரண்டு லிட்டர் தண்ணீரும், உப்புப் போட்ட மோரும் கொடுத்து அனுப்புகிறேன். பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தாலும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும் என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். எட்டயபுரம் ரோட்டில் கற்றுக்கொண்ட பாடம் ஆயிற்றே!

அந்தக் கம்மல்

விளாத்திகுளத்துப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவனை அனுப்பவில்லை. விற்க வராதே தவிர, கணக்கில் கெட்டிக்காரன். லைன் நோட்டு எழுதச் சொன்னார்களே, அதை எழுதினது அவன்தான். இப்போது சரக்கு அனுப்புவதும் பில் போடுவதும் அவன் பொறுப்பு. என் கணவர் அந்த ஏஜென்சிக்கு மூன்று தடவை நடந்து, அவன் கட்டிய எட்டாயிரத்தில் மூன்றாயிரத்தைத் திரும்ப வாங்கினார். எங்கள் பதினைந்தாயிரம் போனது போனதுதான். மீதி ஐயாயிரத்தை நாங்கள் முன்பணமாகக் கொடுத்து, சம்பளத்தில் மாதம் ஐந்நூறாகப் பிடித்துக்கொண்டோம்.

போன ஆவணி மாதம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு ஓலைப் பெட்டியில் கருப்பட்டி கொண்டுவந்திருந்தார். நான் முதலில் பார்த்தது அவர் காதைத்தான். சின்னக் கம்மல். அரைப் பவுன்கூடத் தேறாது. பின்கட்டுப் படியில் மாமியாரும் அவரும் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தென்காசிச் சகோதரிக்கு என் பதில் அதுதான் அம்மா. வேலை கொடுக்கிறேன் என்று உங்களிடம் காசு கேட்கிறவர் வேலை கொடுக்கிறவர் இல்லை. கழுத்தில் இருப்பது கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்கு மகனை அனுப்புங்கள்.

சாத்தூர்ச் சகோதரிக்கு: ஆள் தேடும் கம்பெனியிடம் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பையனிடம் காசு வாங்கினீர்களா?" என்பதாக இருக்கட்டும். அந்தக் கேள்விக்குத் தயங்குகிறவரிடம் மற்ற நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் சேவில் ஒரு பொட்டலம் அனுப்பி வையுங்கள், எங்கள் அண்ணாச்சி கடைகளில் கேட்டுப் பார்க்கிறேன்!

அடுத்த இதழில், பலர் கேட்டிருக்கும் பிள்ளைகளின் வேர்க்குரு பற்றிப் பேசுவோம். வரட்டுமா?